ஓக் பீப்பாயில் முதிர்ந்த சிங்கிள் மால்ட் ஸ்காட்சை முகர்ந்து, சுவைத்து, மதிப்பிடும் முறை

ஸ்காட்லாந்து வடிசாலை ஒன்றில் செப்பு வாலையிலிருந்து, அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்திலிருந்து, இறங்கும் புதிய வடிநீர் தண்ணீரைப் போல நிறமற்றது. அதன் வலிமை ஏறத்தாழ 70 சதவீத ஆல்கஹாலாக இருக்கும். முகர்ந்தால் முளைகட்டிய தானியமும் பேரிக்காயும் நெயில் பாலிஷும் கலந்தாற்போல ஒரு பச்சை வாசம் வரும். அதைப் பெரும்பாலும் 63.5 சதவீதத்துக்குத் தண்ணீர் சேர்த்துக் குறைத்து, ஓக் பீப்பாயில் அடைத்து, குளிரும் ஈரமும் நிறைந்த கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடத்துகிறார்கள். கடைசியில் உங்கள் கோப்பைக்கு வருவது தேன் நிறத்தில் வேறொரு பானம். அதில் எது வாலை தந்தது, எது மரம் தந்தது, எது காலம் செய்தது என்று பிரித்தறிவதே சிங்கிள் மால்ட்டை மதிப்பிடுவதன் சாரம். பிறர் எழுதிய சுவைக்குறிப்பில் உள்ள பழங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக அதை ஆக்கிக்கொள்வோர் பலர். அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் பாதி வேலை எளிதாகிவிடும்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன்

முதலில் லேபிளைப் படியுங்கள். 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி ஒழுங்குமுறைகளின்படி, ஸ்காட்ச் என்று பெயர் பெற வேண்டுமானால் அது ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாய்களில், குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிங்கிள் மால்ட் என்பது முளைகட்டிய வாற்கோதுமையை மட்டுமே கொண்டு, ஒரே வடிசாலையில், வாலைகளில் தொகுதி தொகுதியாக வடிக்கப்பட்டது. ‘சிங்கிள்’ என்பது ஒரே பீப்பாயைக் குறிக்கிறது என்று நம்புவோர் இன்னும் இருக்கிறார்கள்; அது ஒரே வடிசாலையைத்தான் குறிக்கிறது, ஒரு பாட்டிலுக்குள் நூற்றுக்கணக்கான பீப்பாய்கள் கலந்திருக்கலாம். லேபிளில் 12 என்று வயது போட்டிருந்தால், அந்தக் கலவையில் மிக இளையதன் வயது 12 என்று பொருள்.

அடுத்து வலிமையைப் பாருங்கள். 40, 43, 46 ஆகியவை வழக்கமான எண்கள். 55க்கு மேல் இருந்தால் அது பெரும்பாலும் பீப்பாயிலிருந்து நீர் சேர்க்காமல் எடுத்த ‘காஸ்க் ஸ்ட்ரெங்த்’. 46 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அதற்குக் கீழே வலிமை இறங்கினால், குளிரிலோ தண்ணீர் சேர்க்கும்போதோ நீண்ட சங்கிலி எஸ்டர்கள் என்னும் சேர்மங்கள் கரையாமல் பிரிந்து விஸ்கியைக் கலங்கலாக்கும். அதைத் தவிர்க்க விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டுகிறார்கள். அப்போது வாயில் உணரும் கொழுமையில் கொஞ்சம் போய்விடுகிறது என்பது பலரின் கருத்து, என் கருத்தும் அதுவே. நிறம் சீராக இருப்பதற்காக கேரமல் சேர்க்கவும் சட்டம் இடம் தருகிறது. ‘இயற்கை நிறம்’ என்று லேபிள் சொன்னால் நம்பலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் கேரமல் சேர்த்திருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓக் என்ன செய்கிறது

இந்தப் பகுதியைப் புரிந்துகொள்ளாமல் மூக்கைக் கோப்பைக்குள் விடுவதில் பயனில்லை. பீப்பாய் மூன்று வேலைகளைச் செய்கிறது. உட்புறம் கருக்கப்பட்ட மரத்தின் கரி, வடிநீரின் கந்தக நெடியை உறிஞ்சி நீக்குகிறது. மரம் தன் பொருள்களை விஸ்கிக்குள் விடுகிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே நுழையும் காற்று, ஆண்டுகள் செல்லச் செல்ல, விஸ்கியில் உள்ளவற்றை ஆக்சிஜனேற்றி, கரடுமுரடைத் தணித்துப் புதிய வாசங்களை உண்டாக்குகிறது.

மரம் தரும் பொருள்களில் நான்கைந்தை அறிந்து வைத்திருந்தால் போதும். மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலின் வருகிறது. ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அதே வாசம். ஓக் லாக்டோன் தேங்காய் மணம் தரும். அதை உணர நமக்குப் பயிற்சியே தேவையில்லை, துருவிய தேங்காயோடு வளர்ந்த மூக்குகள் நம்முடையவை. யூஜெனால் கிராம்பின் மணத்துக்கே மூலம், ஓக்கிலும் அது இருக்கிறது. மரத்தைத் தீயில் வாட்டும்போது அதன் சர்க்கரைப் பொருள்கள் கருகிக் காய்ச்சிய பாகு போன்ற இனிப்பு மணமாகின்றன. டானின் வாயை உலர்த்தும் துவர்ப்பைத் தருகிறது. வாழைப்பூவையோ கொதிக்கவிட்டு மறந்துபோன தேநீரையோ நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஓக், அதில் முன்பு என்ன இருந்தது என்பவை அடுத்த கேள்விகள். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியைக் கருக்கிய புதிய ஓக் கலங்களில்தான் முதிர்விக்க வேண்டும்; ஒருமுறை பயன்பட்ட கலம் அவர்களுக்குப் பயன்படாது. ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. அமெரிக்க வெள்ளை ஓக்கில் தேங்காயும் வனிலாவும் முந்தி நிற்கும். ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதி ஷெர்ரி ஒயினைத் தாங்கிய, ஏறத்தாழ 500 லிட்டர் கொள்ளும் ‘பட்’ பீப்பாய்கள் மற்றொரு மரபு. அவை ஐரோப்பிய ஓக்கால் ஆனவையாயின் உலர்திராட்சை, கிராம்பு, அக்ரூட், துவர்ப்பு ஆகியவை மேலோங்கும். ஆனால் ஷெர்ரி பீப்பாய்களில் பலவும் அமெரிக்க ஓக்கால் செய்யப்பட்டவையே. ஆகவே ‘ஷெர்ரி பீப்பாய்’ என்ற சொல் முன்பு உள்ளே இருந்த ஒயினைச் சொல்கிறது, மரத்தைச் சொல்வதில்லை.

பீப்பாய் எத்தனையாவது முறை நிரப்பப்படுகிறது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். ஃபில்டர் காபி போடும் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: முதல் டிக்காக்‌ஷனும் இரண்டாம் டிக்காக்‌ஷனும் ஒன்றல்ல. முதல்முறை ஸ்காட்சை ஏற்கும் பீப்பாய் 8 ஆண்டுகளில் தருவதை, மூன்றாம் முறை நிரப்பப்பட்ட பீப்பாய் 20 ஆண்டுகளிலும் தராமல் போகலாம். அது குறை அல்ல. வாலையின் குணத்தை மரம் மூடாமல் காட்ட அத்தகைய களைத்த பீப்பாய்தான் ஏற்றது. வயதைத் தரமாக எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இங்கே விளங்கும். வயதுக்கு விலை ஏறுவதற்குத் தரம் மட்டும் காரணமில்லை. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிறது. ‘தேவதைகளின் பங்கு’ என்று அதற்குப் பெயர். அந்தக் கணக்கில் 25 ஆண்டுகளில் பத்தில் நான்கு பங்கு காற்றோடு போயிருக்கும், மிஞ்சியதன் தலையில் அந்த விலையும் ஏறுகிறது. பெங்களூரின் வெப்பத்தில் ஆவியாதல் இதைவிடப் பல மடங்கு. அதனால்தான் அங்கே முதிரும் மால்ட் சில ஆண்டுகளிலேயே மரத்தின் நிறத்தையும் வாசத்தையும் அள்ளிக்கொள்கிறது.

இடமும் கோப்பையும்

வயிறு காலியாகவும் இருக்க வேண்டாம், சாம்பாரும் ஊறுகாயும் உண்ட நாவோடும் உட்கார வேண்டாம். உணவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, வெள்ளை ரொட்டி ஒன்றிரண்டு துண்டு உண்டுவிட்டு அமர்வது நல்லது. மல்லிகைச் சரம், ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், தலையில் தேங்காய் எண்ணெய் எல்லாம் முகர்தலுக்குப் பகை. இந்த விஸ்கிகள் 20 டிகிரி அளவிலான அறையை மனத்தில் கொண்டவை. 33 டிகிரி வெப்பத்தில் ஆல்கஹால் விரைந்து மேலெழுந்து மூக்கைக் குத்தும். அறையைக் குளிர்வித்துவிட்டு, முகரும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஐஸ் போடாதீர்கள், குளிர் வாசத்தை அடக்கிவிடும்.

அகன்ற வாயுள்ள தம்ளர் இதற்கு உதவாது. அடி பருத்து, வாய் குறுகிய துலிப் வடிவக் கோப்பை வேண்டும். 2001இல் சந்தைக்கு வந்த கிளென்கேர்ன் கோப்பை இதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கோப்பை போதும். 20 மி.லி. ஊற்றுங்கள். ஓர் அமர்வில் மூன்று விஸ்கிக்கு மேல் வேண்டாம், துப்புவதற்கு ஒரு பாத்திரம் பக்கத்தில் இருக்கட்டும்; துப்பினால் மதிப்பீடு கெடாது, விழுங்கிக்கொண்டே போனால் மூன்றாவது கோப்பையில் கட்டாயம் கெடும்.

கோப்பையைப் பற்றி என் அனுபவம் ஒன்று. ஒருமுறை ஸ்காட்லாந்தின் ஸ்பேசைட் பகுதி மால்ட் ஒன்றைப் பற்றி, “பழைய மரப்பெட்டி, புழுக்கம், மெல்லிய அந்துருண்டை வாசம், நீண்ட முதிர்ச்சியின் அடையாளம்” என்று மிகுந்த மனநிறைவோடு எழுதி வைத்தேன். மறுநாள் அதே கோப்பையில் வெறும் தண்ணீரை ஊற்றி முகர்ந்தபோது அதே மரப்பெட்டியும் அதே அந்துருண்டையும் வந்தன. துணி அலமாரியின் மேல்தட்டில் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து ஊற்றுவதற்கு முன் வெறுங்கோப்பையை முகர்வது எனக்கு முதல் படி.

கண்ணால் பார்ப்பது

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வெள்ளைத் தாளின் முன் பிடித்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கேரமல் சேர்க்காத விஸ்கியில் வெளிர் வைக்கோல் நிறம் போர்பன் பீப்பாயையோ களைத்த பீப்பாயையோ, செம்பழுப்பு நிறம் ஷெர்ரியையோ சுட்டலாம். கேரமல் சேர்த்ததில் நிறம் எதையும் சொல்லாது. கோப்பையைச் சாய்த்து நிமிர்த்தினால் சுவரில் கண்ணீர்போல வழியும் தாரைகளைத் தரத்தின் சான்றாகச் சொல்வோர் உண்டு. ஆல்கஹால் தண்ணீரைவிட விரைவில் ஆவியாவதால் மேற்பரப்பு இழுவிசை மாறி எழும் விளைவு அது. முதன்மையாக வலிமையைத்தான் காட்டும்.

முகர்தல்

நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்குங்கள். ஒயினைச் சுழற்றுவதுபோல வேகமாகச் சுழற்றக் கூடாது. ஆல்கஹால் புகைபோலக் கிளம்பி மூக்கை மரக்கச் செய்யும். ஊற்றியபின் ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு கோப்பையை மோவாயருகே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி, அங்கிருந்து எழுந்து வருவதை மட்டும் முகருங்கள். மெல்ல மெல்ல உயர்த்தி, ஆல்கஹாலின் குத்தல் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் தள்ளி நிறுத்திக்கொள்ளுங்கள். இரு நாசிகளாலும் மாறி மாறி முகருங்கள். மூக்கு களைத்தால் உங்கள் முழங்கையின் உட்புறத்தை முகர்ந்துவிட்டுத் திரும்புங்கள். சொந்தத் தோலின் வாசம் மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

முதல் கேள்வி: புகை இருக்கிறதா? பீட் எனப்படும் கரிமண்ணை எரித்து வாற்கோதுமையை உலர்த்தினால் புகைமணம் தரும் ஃபீனால்கள் தானியத்தில் படிகின்றன. ஐலா தீவின் லாஃப்ரோய்க் பயன்படுத்தும் மால்ட்டில் அவை 40 முதல் 45 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை, ஆர்ட்பெக்கில் ஏறத்தாழ 55. இந்த எண்கள் தானியத்துக்கு உரியவை, வடிப்பதிலும் முதிர்விப்பதிலும் பெரும்பகுதி குறைந்துவிடும். லாஃப்ரோய்க்கை முதன்முறை முகரும் தமிழர் எவரும் “டெட்டால்” என்றோ “ஆஸ்பத்திரி” என்றோ சொல்லாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. அது சரியான விடையே. இரண்டாவது கேள்வி: வாலையின் குணம் என்ன? ஆப்பிள், பேரிக்காய், பூ, தானியம், மெழுகு ஆகியவை பெரும்பாலும் வடிநீரிலிருந்து வருபவை. ஸ்காட்லாந்திலேயே மிக உயரமான வாலைகள் உள்ள கிளென்மொரஞ்சியில் கனமான ஆவிகள் மேலேறாமல் திரும்பி விழுவதால், மெல்லிய, பழமணமுள்ள வடிநீர் கிடைக்கிறது. மூன்றாவது கேள்விதான் மரம்: தேங்காயும் வனிலாவுமா, உலர்திராட்சையும் கிராம்புமா? நான்காவது கேள்வி மிகக் கடினமானது. இவை தனித்தனியாக நிற்கின்றனவா, ஒன்றோடொன்று கலந்துவிட்டனவா? நன்கு முதிர்ந்த விஸ்கியில் பச்சைத் தானியமும் புதுப்பலகையும் தனித்து எழுந்து நிற்பதில்லை.

நாவில்

முதல் வாய் மதிப்பிடுவதற்கு அல்ல, நாவைப் பழக்குவதற்கு. அரைத் தேக்கரண்டி அளவு எடுத்து வாயெங்கும் பரப்பி விழுங்கிவிடுங்கள். அப்போது தெரிவது எரிச்சல் மட்டுமே. ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது வாயை எடுத்து, பத்துப் பதினைந்து விநாடி மென்று சாப்பிடுவதுபோல உருட்டுங்கள். விழுங்கியவுடன் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை மெதுவாக வெளிவிடுங்கள். நாக்கு உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு முதலிய சிலவற்றையே. மற்ற யாவும் தொண்டையின் பின்வழியாக மூக்கை அடையும் வாசங்கள்.

கனத்தைக் கவனியுங்கள்: தண்ணீராக ஓடுகிறதா, நெய்போல ஒட்டுகிறதா? சுவை நுழையும்போது ஒன்றாகவும், நடுவில் வேறாகவும், முடிவில் இன்னொன்றாகவும் மாறுகிறதா? பிறகு கடிகாரத்தைப் பாருங்கள். விழுங்கியபின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது முக்கியம், என்னவாக நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். மூன்று நிமிடம் நீடிக்கும் கசப்பைவிட நாற்பது விநாடியில் தூய்மையாக விலகும் பழச்சுவை மேல்.

கிராண்ட் குடும்பம் 1865 முதல் நடத்திவரும் கிளென்ஃபார்க்லஸின் 15 வயது மால்ட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வலிமை 46, ஷெர்ரி பீப்பாய், நிறம் சேர்க்காதது. எனக்கு முதலில் வருவது பாயசத்துக்காக நெய்யில் பொரித்த உலர்திராட்சை. பத்து நிமிடத்தில் ஆரஞ்சுத் தோல், அதன்பின் கிராம்பும் அத்திப்பழமும். நாவில் வெல்லப்பாகின் அடிக்கசப்பு, நடுவில் அக்ரூட், முடிவில் உலர்ந்த துவர்ப்பு. “கிறிஸ்துமஸ் கேக்” என்று ஆங்கிலேயர் எழுதும் இடத்தில் நான் பாயசத்தை எழுதுகிறேன். நினைவிலிருந்து எடுக்கும் சொல்தான் அடுத்த முறையும் அதே வாசத்துக்கு அழைத்துச் செல்லும்.

தண்ணீர்

தண்ணீர் சேர்ப்பது கலப்படம் என்று நினைப்பவர்கள், விஸ்கிக் கலவையாளர்கள் மாதிரிகளை ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு நீர்த்தே முகர்கிறார்கள் என்பதை அறிய வேண்டும். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைமணம் தரும் குவையகோல் மூலக்கூறு ஆல்கஹால் அடர்ந்த கலவையில் எத்தனாலால் சூழப்பட்டு உள்ளே தங்குவதையும், 45 சதவீதமும் அதற்குக் கீழும் மேற்பரப்பை நாடுவதையும் கணினி மாதிரிகள் மூலம் காட்டினர். எனவே காஸ்க் ஸ்ட்ரெங்த் விஸ்கிக்குத் தண்ணீர் கட்டாயம் என்பேன்.

மணமற்ற, உப்புக் குறைந்த தண்ணீராக இருக்க வேண்டும். குளோரின் நெடியடிக்கும் குழாய்த் தண்ணீர் வேண்டாம். கணக்கு எளிது: 60 சதவீத வலிமையுள்ள 20 மி.லி.யோடு 10 மி.லி. தண்ணீர் சேர்த்தால் 40க்கு இறங்கும். ஆனால் ஒரேயடியாக இறக்காமல், அரைத் தேக்கரண்டி சேர்த்து, இரண்டு நிமிடம் காத்து, மறுபடி முகர்ந்து, தேவையானால் மேலும் சேருங்கள். சில விஸ்கிகள் பூவாக விரியும். சில, குறிப்பாக 40இல் வந்தவை, சட்டென்று வெளிறிவிடும். தண்ணீரைத் தாங்குவதும் ஓர் அளவுகோல்.

குறைகளை அறிதல்

எரிந்த தீக்குச்சி, ரப்பர், வேகவைத்த முட்டைக்கோஸ் ஆகியவை கந்தகத்தின் அடையாளங்கள். ஷெர்ரி பீப்பாய்களைப் பாதுகாக்கக் கந்தகம் எரிப்பது இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சிறிதளவு இருந்தால் இறைச்சி போன்ற ஆழம் தருகிறது என்று விரும்புவோரும் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. நெயில் பாலிஷும் பச்சை மாவும் மேலோங்கினால் விஸ்கி முதிரவில்லை. வியர்த்த தோல்செருப்பு நாற்றம் வடிப்பின் கடைப்பகுதியை அதிகம் சேர்த்ததால் வரலாம். ஈர அட்டைப்பெட்டி நெடி வந்தால் தக்கையைச் சந்தேகியுங்கள். ஓக்கே குறையாவதும் உண்டு: பென்சில் சீவல், மரத்தூள், பல்லில் ஒட்டும் கசப்புத் துவர்ப்பு ஆகியவை மட்டும் மிஞ்சி வாற்கோதுமையே காணாமல் போனால், அது மரத்தில் தேவைக்கு மேல் தங்கிவிட்ட விஸ்கி. விலை மிகுந்த பாட்டில்களில் இந்தக் குறை அதிகம்; ஒப்புக்கொள்ளத்தான் மனம் வருவதில்லை.

எழுதுவதும் மதிப்பெண்ணும்

உடனே எழுதுங்கள், மறுநாள் நினைவிலிருந்து எழுதாதீர்கள். வாசம், சுவை, பின்சுவை, சமநிலை ஒவ்வொன்றுக்கும் 25 வீதம் 100க்கு மதிப்பெண் இடும் முறை பரவலாக உள்ளது. பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் 85க்கும் 86க்கும் வேறுபாடு உண்டா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு எளிய வழி: மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒரே விஸ்கியையும் ஒன்றில் வேறொன்றையும் ஊற்றித் தரும்படி வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். வேறானதைக் கண்டுபிடிக்க முடியாத நாளில் மதிப்பெண் போடாதீர்கள். பல விஸ்கிகளை ஒப்பிடும்போது புகையும் ஷெர்ரியும் மிகுந்தவற்றைக் கடைசிக்கு வையுங்கள். லாஃப்ரோய்க்குக்குப் பின் வரும் கிளென்மொரஞ்சி வெறும் சர்க்கரைத் தண்ணீராகத்தான் தெரியும். ஒரே பாட்டிலைத் திறந்த அன்றும், இரண்டு வாரம் கழித்தும், பாதி குறைந்தபின்னும் சுவையுங்கள். காற்று பட்டு அது மாறும், சில சமயம் நன்மைக்கு. தக்கையை ஆல்கஹால் அரிக்காமலிருக்க, பாட்டிலை நிமிர்த்தியே, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

குடித்து முடித்த கோப்பையை அன்றிரவு கழுவாதீர்கள். ஆல்கஹால் போனபின் எளிதில் ஆவியாகாத மரப்பொருள்கள் அடியில் தங்கியிருக்கும். காலையில் முகர்ந்தால் பீப்பாய் தந்தது பெரும்பாலும் தனியே நிற்கும்: போர்பன் பீப்பாயானால் வனிலாவும் மரத்தூளும், ஷெர்ரியானால் கருகிய வெல்லம், பீட் விஸ்கியானால் அதோடு அணைந்த அடுப்பின் சாம்பல். முந்தைய இரவின் குறிப்பில் மரம் என்று எழுதியதோடு அதை ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு சோப்பு போடாமல் வெந்நீரில் கழுவி, துணியில் கவிழ்க்காமல் காற்றில் நிமிர்த்தி உலரவிட்டு, அந்துருண்டை இல்லாத இடத்தில் வையுங்கள்.